பலகை முதலில், வங்கு பிறகு

ஓமானின் கிழக்குக் கரையிலுள்ள சூர் நகரில் ‘தவ்’ எனப்படும் அரபு மரக்கலங்களைக் கட்டும் பட்டறைக்குச் செல்பவர் முதலில் தேடுவது வரைபடத்தை. மரபான கட்டுமுறையில் அதற்கு வேலையே இல்லை. கலத்தின் அடியில் நெடுகக் கிடக்கும் ஏரா மரத்தைக் கிடத்தி, பலகைகளை வளைத்து விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிக்கூட்டை எழுப்பியபின், அதன் உள்வளைவுக்கு ஏற்பவே வங்குகள், அதாவது விலா மரங்கள், செதுக்கிப் பொருத்தப்படுகின்றன. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த தச்சர்கள் பலகையை ஏற்றிப் பிடித்து, இடுக்கில் வெளிச்சம் தெரியும் இடத்தில் கோடிட்டு, இறக்கி, இழைப்புளியால் இரண்டு சீவு சீவி மறுபடி ஏற்றுகிறார்கள். உஸ்தாத் எனப்படும் தலைமைத் தச்சர் தள்ளி நின்று வளைவைக் கண்ணால் அளந்து தலையசைத்த பிறகே அது இடத்தில் இறுக்கப்படுகிறது.

சி.என்.சி. எனப்படும் கணினி வழி வெட்டுப்பொறி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. வடிவம் முழுவதும் திரையில் முடிந்திருந்தால்தான் பொறி மரத்தைத் தொடும் என்பதால், பட்டறையில் பலகைக்குப் பலகை எடுக்கப்பட்ட முடிவுகள் அனைத்தும் மரம் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. பிரிட்டனின் மரக் கைவினைஞர் டேவிட் பை 1968இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு கணமும் கெட்டுப்போகக்கூடிய வேலையையும் விளைவு முன்பே உறுதியான வேலையையும் பிரித்துக் காட்டினார். பொறி மரவேலையின் இன்பத்தைக் கெடுக்கிறதா என்ற கேள்வி இங்கே எழுகிறது. பொழுதுபோக்குத் தச்சரின் இன்பம் முதல்வகையில் இருப்பதாகவே பலர் கருதுகிறார்கள். ஆனால் வரைவைத் தாமே உருவாக்குபவருக்கு அந்தத் தடுமாற்றமும் தேர்வும் திரையிலேயே கிடைத்துவிடுகின்றன. பிறர் வரைந்த கோப்பை வாங்கிப் பொறியில் இடுபவருக்கு எஞ்சுவது உப்புத்தாள் தேய்ப்பு மட்டுமே.

திரைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. வங்குகளுக்கு ஓமானியர் சித்ர் போன்ற மரங்களின் இயல்பாகவே வளைந்த கிளைகளைத் தேடிப் பொறுக்குவதன் காரணம், அவற்றில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடுவதுதான். நேர்ப்பலகையிலிருந்து அதே வளைவைப் பொறி பிசகின்றி வெட்டித் தரலாம். ஆனால் நார் குறுக்கே அறுபட்ட இடத்தில் அது எளிதில் பிளக்கும்.

எனினும் எல்லாக் கைவேலையும் இன்பமன்று. 1980இல் கடற்பயணி டிம் செவரினுக்காகச் சூரில் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டுச் சீனம்வரை சென்ற ‘சோஹார்’ போன்ற கலத்தில், பலகை விளிம்பெங்கும் வரிசை வரிசையாகத் துளையிட வேண்டும். அதைப் பொறி செய்தால் வருந்துவோர் குறைவு. மின்வாளும் மின்துரப்பணமும் இப்பட்டறைகளில் நுழைந்ததற்கும் இது ஒரு காரணம் எனலாம். கோடை நண்பகல் வெளிவேலையைச் சட்டமே தடுக்கும் வளைகுடா வெயிலில் கூலிக்கு உழைப்பவரிடம் கருவி இன்பத்தைக் கெடுக்கிறதா என்று கேட்பது சற்று வேடிக்கையானது. அது மாலையில் ஓய்வுள்ளவரின் கேள்வி. இத்தச்சர்களின் வேலையைக் குறைத்ததும் கணினியன்று: ஒரே அச்சிலிருந்து படகுக்குப் படகு வார்த்தெடுக்கப்படும் கண்ணாடியிழையே.