ஒருவர் மூச்சு எடுக்கும்போது

ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணி என்று சொன்னால் 5.30-க்குத்தான் ஆள் சேரும். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்கூடத்தில் எங்கள் சேர்ந்திசைக் குழு பல வருடங்களாக இப்படித்தான் கூடுகிறது. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், வங்கியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், தையல் கடைக்காரர், கல்லூரி மாணவர்கள், பியானோ சொல்லித்தரும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி என்று 22 பேர். யாரும் மேடைப் பாடகர் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்து, செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இதில் நிர்வாகப் பொறுப்பு. அதாவது ஜெராக்ஸ் எடுப்பது, காபிக்கு ஏற்பாடு செய்வது, வராதவர்களுக்கு போன் போடுவது. பிறகு நேரமிருந்தால் பாடுவது.

சேர்ந்து பாடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒருமுறை சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு கட்டை சௌகரியம். பெண்களுக்கு ஐந்து கட்டை. ஒரு கட்டையில் எடுத்தால் பெண்களின் குரல் தரையைத் தேய்க்கும். ஐந்தில் எடுத்தால் ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவது என்றால் யாராவது ஒரு பாதி சிரமப்பட்டே தீர வேண்டும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது நூற்றுக்கணக்கானவர்கள் பஞ்சரத்ன கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுவதன் அழகு வேறு. சேர்ந்திசையின் வழி வேறு. அவரவர் குரல் எட்டும் இடத்தில் அவரவருக்கு ஒரு வரி. அந்த வரிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கன்டோன்மென்ட் பகுதியின் தேவாலயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குக் காது திறக்கவே ஆறு மாதம் ஆனது.

இந்த முறையைத் தமிழ்ப் பாட்டுக்குப் பழக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எம்.பி. சீனிவாசன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்துக்கு இசையமைத்தவர். பிறகு மலையாள சினிமாவில் பெரும் பெயர் பெற்றவர். 1971-ல் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கினார். பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் சாதாரண மனிதர்களின் குரலில் பல அடுக்காகப் பாட வைத்தார். 1988-ல் லட்சத்தீவில் அவர் காலமானார். அவருடைய குழு அதன் பிறகும் பாடியது. நடத்தியவர் போன பின்னும் நிற்பதுதான் ஒரு குழுவுக்கு உண்மையான பரீட்சை.

நம் ராகங்களை இப்படி அடுக்குவதில் சிக்கல் உண்டு. கூடச் சேர்க்கும் ஸ்வரம் ராகத்துக்கு அந்நியமாக இருந்தால் ராகம் முகம் மாறிவிடும். தனிப்பாடகர் கொடுக்கும் கமகத்தை 20 பேர் 20 விதமாக அசைத்தால் சேற்றில் கால் விட்ட மாதிரி இருக்கும். அசைவைக் குறைக்க வேண்டும். ஆனால் பாட்டு விறைத்தும் போகக்கூடாது. இந்த இழுபறியிலேயே எங்கள் ஒத்திகைகளில் பாதி கழிகிறது.

பியானோ ஆசிரியை கற்றுக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது மூச்சு. நீண்ட ஒரு வரியை யாராலும் ஒரே மூச்சில் பாட முடியாது. எல்லோரும் ஒரே இடத்தில் நிறுத்தினால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்கக் கூடாது. அவர் சத்தமில்லாமல் விலகி, மூச்சு எடுத்து, மறுபடி சேர்ந்துகொள்ளும் வரை மற்றவர்கள் தாங்க வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த வரி அறுபடாமல் ஓடும்.

2016 செப்டம்பர் 12 அன்று காவிரி விவகாரத்தில் பெங்களூர் பற்றி எரிந்தது. ஒரே பணிமனையில் 30-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு பஸ்கள் சாம்பலாயின. தமிழ்நாட்டில் கர்நாடக வண்டிகளும் சென்னையில் ஒரு ஹோட்டலும் தாக்கப்பட்டன. நான் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மாத இறுதியில் எங்கள் நிகழ்ச்சி. பட்டியலில் குவெம்புவின் கன்னடப் பாடல் ஒன்று, பாரதியின் பாடல் ஒன்று.

அடுத்த ஞாயிறு 11 பேர்தான் வந்தார்கள். தமிழர்களில் நானும் ரயில்வேக்காரரும் மட்டும். 1991 டிசம்பர் கலவரத்தை நேரில் பார்த்தவர் அவர். வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்தினார். "இந்தத் தடவை தமிழ்ப் பாட்டை விட்டுடலாம்" என்றேன். சொன்னது நான்தான், யாரும் என்னைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆல்ட்டோ வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை தன் நோட்டைப் பிரித்தார். "ஹாடு ஏன் தப்பு மாடிதெ?" என்றார். பாட்டு என்ன தப்பு செய்தது?

அவர் நோட்டில் பாரதியின் வரிகள் கன்னட எழுத்தில் இருந்தன. பாட ஆரம்பித்தோம். இரண்டாவது வரியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ரயில்வேக்காரரும் நிறுத்திவிட்டார். பாட்டு நிற்கவில்லை. ஒன்பது பேர், அவர்களில் ஒருவருக்கும் தாய்மொழி தமிழ் இல்லை, அந்த வரியைத் தாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் நாலு வார்த்தை தள்ளிச் சேர்ந்துகொண்டோம். ழகரத்துக்காக எல்லோரையும் படுத்துகிறவள் நான். பழங்கன்னடத்தில் இருந்து வழக்கொழிந்த எழுத்து அது. அன்று அது சரியாக விழுந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை இசைக் குறிப்பாகத்தான் படித்தேன். மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களின் பெயரைச் சூட்டி நிறுத்துகிறாள். ஆளுக்கு ஒரு ஸ்வரம். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது உறைக்காத ஒன்று அன்று வீடு திரும்பும்போது உறைத்தது. அவர்கள் பாடியது பயத்தில். குடத்தில் பால் உறையவில்லை, உருக்க வைத்த வெண்ணெய் உருகவில்லை என்று கெட்ட சகுனங்களைக் கண்டு ஆடிய குரவை அது. அந்தக் குரவை கோவலனைக் காப்பாற்றவில்லை. எங்கள் பாட்டும் ஒரு பஸ்ஸைக்கூட அணைக்கவில்லை.

நிகழ்ச்சியை இரண்டு வாரம் தள்ளி நடத்தினோம். 22 பேரும் வந்தார்கள். கேட்க வந்தவர்கள் 40 பேர் இருப்பார்கள். கன்னடப் பாட்டு, தமிழ்ப் பாட்டு இரண்டையும் பாடினோம். ஒன்றும் நடக்கவில்லை. கை தட்டினார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். என் தொழிலில் இது செய்தியே அல்ல. எந்தப் பத்திரிகையும் இதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பாது. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி 5.20. இதுவரை நாலு பேர் வந்திருக்கிறார்கள். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன.