நின்ற மரமும் தந்த பணமும்

நடு அமெரிக்காவின் சிறு நாடாகிய கோஸ்டா ரிக்கா 1996-இல் ஒரு வனச் சட்டம் இயற்றியது. காடு கரிவளியை அடக்குகிறது, நீரைக் காக்கிறது, உயிரினங்களைப் பேணுகிறது, கண்ணுக்கு எழில் தருகிறது. இந்நான்கு பணிகளுக்காகவும் நிலவுடைமையாளருக்குப் பணம் தரலாம் என்றது. மறு ஆண்டே பணம் வழங்கப்பட்டது. எரிபொருள் வரியின் ஒரு பங்கே அதற்கு ஊற்று. இதைப் படித்தபோது நாம் உள்ளம் குளிர்ந்தோம். கொள்கையும் மாறியது, காடும் தழைத்தது, வேறென்ன வேண்டும்?

ஆய்ந்தவர்களோ வேறொன்று கேட்டனர்: பணம் தராதிருந்தால் அம்மரங்கள் வீழ்ந்திருக்குமா? தொடக்க ஆண்டுகளில் பணம் பெற்ற நிலங்களில் பல, எப்படியும் வெட்டப்பட்டிரா. காடழிப்பை அதே சட்டம் தடையும் செய்திருந்தது. மாட்டிறைச்சி விலையோ 1980-களிலேயே சரிந்திருந்தது. காத்தது எது? நலம் பெற்றது யார்? நில உரிமைப் பத்திரமில்லாத ஏழை உழவர் முதலில் வாயிலிலேயே நின்றனர்.

இக்கேள்விகள் நம்மையும் சுட்டன. ஊர் இளைஞரோடு ஒருமுறை குளக்கரையில் மரக்கன்றுகள் நட்டோம். எண்ணிக்கையை அறிக்கையில் எழுதிக் கைதட்டலும் பெற்றோம். குடம் சுமக்கும் பெண்களின் நடை குறைந்ததா என்று கேட்கவில்லை. இன்று கேட்கலாமென்றால், நடுவதற்குமுன் அவர்கள் எவ்வளவு தொலைவு நடந்தார்கள் என்பதையும் நாம் எழுதி வைக்கவில்லை.