ஆறிய எஞ்சினோடு ஒரு காலை

"ஏழு மணிக்குள்ள வந்துடுங்க தம்பி. வெயில் ஏறிட்டா அப்புறம் இந்த வேலையைத் தொட முடியாது" என்று சொல்லியிருந்தார் அம்பத்தூர்ப் பெரியவர். நான் போனபோது வீட்டு முன்வாசலின் சிமெண்டுத் தரையில், 1980-களில் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350 நடு ஸ்டாண்டில் நின்றது. பக்கத்தில் கோணிச் சாக்கை விரித்து ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெரியவர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் இந்த வண்டியில் கொல்லிமலை போகப்போகிறார். நெடும்பயணத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும் சேர்ந்து வண்டியைத் தயார்செய்வதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

வண்டியின் வலப்பக்கம், சிலிண்டரின் அடியில் ஒரு சிறு மூடி. ஒரே நட்டுதான். அதைக் கழற்றினால் செங்குத்தாக இரண்டு தண்டுகள் தெரிகின்றன. கீழே சுற்றும் கேம், மேலே ஹெட்டில் இருக்கும் வால்வுகளைத் திறப்பது இந்த புஷ் ராடுகள் வழியாகத்தான். மகள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தண்டைப் பிடித்து உருட்டினார்.

"இன்லெட் சரியா இருக்குப்பா. எக்ஸாஸ்ட் கொஞ்சம் புடிக்குது."

இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை யாரும் எடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, இந்த எஞ்சினுக்குக் கையேட்டில் போட்டிருக்கும் அளவே இதுதான் என்றார் பெரியவர். எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்டு விரலுக்குத் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஓடத் தொடங்கியதும் சிலிண்டர் சூடேறி நீளும். தண்டுகள் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. ஆக, தேவையான இடைவெளி தானாக வந்துவிடுகிறது. சூடான எஞ்சினில் இந்த அளவை வைத்தால், ஆறியபின் தண்டு இறுகி வால்வை முழுசாக மூடவிடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவது பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்கார விடாவிட்டால் விளிம்பு கருகும். கொல்லிமலை ஏற்றத்தில் அது நடந்தால் வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

சரிசெய்ய மூன்று ஸ்பேனர்கள். ஒன்று அடியைப் பிடிக்க, ஒன்று அட்ஜஸ்டரைத் திருப்ப, மூன்றாவது லாக் நட்டை இறுக்க. இரண்டு கைதான் நமக்கு. அந்தக் குறுகிய இடத்துக்குள் ஸ்பேனர்களின் வாலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து, ஒரே உள்ளங்கையால் இரண்டைப் பிடிக்கிறார் மகள். லாக் நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடுகிறது. திரும்பத் தளர்த்தி, மறுபடி வைத்து, மறுபடி உருட்டிப் பார்க்கிறார். பெரியவர் வாங்கிச் செய்துகொடுக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். விரலுக்கு வர வேண்டிய அறிவை வாயால் சொல்லித் தர முடியாது என்பது அவருக்குத் தெரியும். தண்டு 'சுற்றுகிறது' என்பதற்கும் 'இழுத்துச் சுற்றுகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டபிறகுதான் விளங்கியது.

பழைய புல்லட்டை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடிவதற்கு இந்த வடிவமைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். ராணுவத்துக்காக 1950-களில் இந்திய அரசு புல்லட்டை வாங்கத் தொடங்கியது. மெட்ராஸ் மோட்டார்ஸும், புல்லட்டை முதலில் செய்த இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, அதைத் திருவொற்றியூரில் செய்தது. எல்லைக் காவலுக்குப் போகும் வண்டிக்கு, பட்டறை இல்லாத இடத்திலும் பார்க்கக்கூடிய எஞ்சின் வேண்டும். 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதே வார்ப்பிரும்பு சிலிண்டர் தொடர்ந்தது. 1977-இலிருந்து இங்கே செய்த வண்டியே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அத்தனை ஆண்டு மாறாமல் இருந்ததால்தான் அப்பாவின் கை கற்றது மகளின் கைக்கும் பயன்படுகிறது.

அடுத்து இக்னிஷன். சிபி பாயிண்ட் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தார்கள். பாயிண்ட்டின் இரு முகங்களும் முழுசாக விலகும்போது 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதற்கு மட்டும் கேஜ் வெளியே வந்தது. ஆனால் பாயிண்ட் எந்த நொடியில் விலகத் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க, பெரியவர் ஒரு மெல்லிய சிகரெட் தாளை முகங்களுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துப் பிடித்தார். மகள் எஞ்சினை நூலிழையாக நகர்த்தினார். தாள் எப்போது கையோடு வருகிறதோ, அதுதான் தீப்பொறி விழும் இடம்.

அதே பாயிண்ட்தான் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப்மீட்டர் முள்ளையும் ஆட்டுகிறது. சாவியைப் போட்டதும் பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்தால் நடுவுக்கு வரும். பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர்கள் இந்த முள்ளைப் பார்த்துத்தான் உதைப்பார்கள். முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. வண்டியின் உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை வெளியே காட்டும் ஒரு முள். இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வண்டி இன்று எது இருக்கிறது?

எண்ணெய் பற்றிப் பெரியவர் சொன்னதுதான் அன்று நான் கற்றவற்றில் முக்கியமானது. இந்த எஞ்சினில் எண்ணெய்க்கென்று கிராங்க் கேஸிலேயே தனி அறை உண்டு. ஒரு பம்பு அங்கிருந்து எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று திருப்பி அனுப்பும். வண்டி பல நாள் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் அளவுக்கோலைப் பார்த்தால் குறைவாகத் தெரியும். விஷயம் தெரியாதவர் அரை லிட்டர் ஊற்றுவார். எஞ்சின் ஓடியதும் கீழே இறங்கியதெல்லாம் திரும்பி வர, அறை நிரம்பி வழிந்து, சைலன்சரில் புகையும் பிரீதரில் எண்ணெயுமாகக் கொட்டும்.

"புகை வருதுன்னு சொன்னா போதும், ரிங் போச்சு, எஞ்சினைத் திறக்கணும்னு சொல்ல ஆளு இருக்கு தம்பி. நான் முதல்ல கேக்கறது, எண்ணெயை எப்பப் பாத்தீங்கன்னுதான்."

சில நிமிடம் ஓட்டி நிறுத்திய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். இதை மட்டும் தெரிந்துகொண்டிருந்தால் எத்தனையோ எஞ்சின்கள் காரணமில்லாமல் பிரிபட்டிருக்காது. பிரித்த எஞ்சின் பழைய நிலைக்கு வருவது அரிது. கேஸ்கெட் மாறும், பழகிய பாகங்கள் இடம் மாறும், அளவுக்கு மேல் அப்பிய பசை பிதுங்கி எண்ணெய்த் துளையை அடைக்கும். வீட்டில் வேலை செய்கிறவருக்கு எதைத் திறக்கலாம் என்று தெரிவதைவிட எதைத் திறக்கக் கூடாது என்று தெரிவது அவசியம் என்பேன். பெரியவரின் வண்டியில் கிராங்க் கேஸ் வெகுகாலமாகப் பிரிக்கப்படவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. நியாயமான பெருமை.

இடப்பக்கம் கிளட்ச்சையும் பிரைமரி செயினையும் மூடியிருக்கும் பெரிய கவசத்தை நடுவில் ஒரே ஒரு நட்டு தாங்குகிறது. அங்கே எண்ணெய் சொட்டினால் எல்லோரும் செய்வது அந்த நட்டை இன்னும் முறுக்குவது. முறுக்க முறுக்கக் கவசம் நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், சொட்டு அதிகமாகும். ரப்பர் வளையத்தை மாற்றி, அளவாக இறுக்கினால் போதும். மகள் வளையத்தை விரலால் சுற்றிலும் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, நீளம் குறைந்த ஸ்பேனரை வேண்டுமென்றே எடுத்தார். நீளமான ஸ்பேனர் கையில் இருந்தால் கை தன்னை அறியாமல் முறுக்கிவிடும் என்றார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வண்டியில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கின்றன. இங்கிலாந்து வரைபடத்திலிருந்து வந்த துளைகள் ஒரு கணக்கு, பின்னால் இங்கே மாறியவை ஒரு கணக்கு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்குலத் துளையில் மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து அழுத்தினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் அலுமினிய மரை பொடியாக உதிரும். அதனால் பெரியவர் கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஓர் அட்டையில் வண்டியின் படத்தை வரைந்து அதே இடத்தில் குத்தி வைக்கிறார். டூல் ரூம் பழக்கம்.

வீட்டு வேலைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க, பின்னொரு நாள் பெரியவரோடு புதுப்பேட்டைக்குப் போனேன். அவருடைய நண்பரின் புல்லட் சிலிண்டர் துணிப்பையில் எங்களோடு வந்தது. அந்த வண்டியில் புகைக்குக் காரணம் எண்ணெய் அளவு அல்ல, உண்மையான தேய்மானம்.

போரிங் பட்டறை ஒரு சந்துக்குள். இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத இடத்தில் போரிங் மெஷின், ஹோனிங் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சிலிண்டர்கள். மெஷின்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சிலிண்டரை வாங்கியதும் அளவுக் கருவியைத் தேடவில்லை. உள்ளே விரலை விட்டு, மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தால் ஒரு சுற்று சுற்றினார். ரிங் போய்த் திரும்பும் இடத்துக்கு மேலே தேயாத விளிம்பு ஒன்று திட்டாக நிற்கும். நகம் அதில் எவ்வளவு தடுக்குகிறதோ, அவ்வளவு தேய்மானம்.

"அண்ணே, இது இருபதுல நிக்காது. நாப்பது போகணும்" என்றார். பிறகுதான் போர் கேஜை இறக்கி, மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில் அளந்தார். நாற்பதுதான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் 'தவ்' என்கிறார்கள். புல்லட்டுக்கு இருபது, நாற்பது, அறுபது தவ் ஓவர்சைஸில் பிஸ்டன் கிடைக்கும். அதற்குமேல் போனால் சிலிண்டருக்குப் புது லைனர்தான்.

பெரியவர் அன்றே வேலையை முடித்துவிடலாமா என்று கேட்டார். மெஷின்காரர் மறுத்துவிட்டார். பிஸ்டனை வாங்கி வந்து கையில் கொடுத்தால்தான் கட்டர் இறங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பிஸ்டனை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து, கடைசி ஒரு தவ்வை ஹோனிங்குக்கு விட்டுவைப்பது அவர் வழக்கம். ஹோன் கல் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடுகிறது. அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். பளபளவென்று வழித்த சிலிண்டரில் ரிங் பதியாது.

எனக்கு அந்த மறுப்பு பிடித்திருந்தது. அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் தொழிலாளியை நம்பித்தான் வீட்டு முன்வாசலில் ஒருவர் துணிந்து ஸ்பேனரை எடுக்க முடிகிறது. அந்தச் சந்தில் இப்போது பெரும்பாலும் பழைய வண்டிகளின் சிலிண்டர்களே வருகின்றன. புதிய வண்டிகளில் பூச்சுப் பூசிய அலுமினிய சிலிண்டர் வருவதால் கடைய வேலையில்லை, மாற்றுவதுதான் என்றார் மெஷின்காரர். அவரிடம் வேலை கற்க ஓர் இளைஞர் இருந்தார். கேஜைப் படிக்கப் பழகிவிட்டார், நகத்தால் படிக்க இன்னும் பழகவில்லையாம்.

பிஸ்டன் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு நடந்தோம். ஒரே பெயரில் இரண்டு தரத்துப் பெட்டிகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். பெரியவர் விலை கேட்பதற்கு முன்னால் பிஸ்டன் பின்னைப் போட்டுப் பார்த்தார். உள்ளங்கை அழுத்தத்தில் இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. ஒன்று விழுந்தது. இன்னொன்றை வாங்கினார்.

கொல்லிமலைக்கான பையைக் கட்டும் அன்று மறுபடி அம்பத்தூர் போனேன். மகள் ஒரு மாதம் முன்பே புது பாயிண்ட்டையும் கண்டன்சரையும் வண்டியில் மாட்டி ஓட்டி வந்திருந்தார். கழற்றிய பழையதைத் துடைத்துப் பையில் வைத்தார். புதிதைப் பையில் வைத்தால் அது நல்லதா கெட்டதா என்று நடுவழியில்தான் தெரியும். பழையது ஓடிக் காட்டியது. கிளட்ச் கேபிளுக்கு இன்னும் எளிய ஏற்பாடு: ஓடும் கேபிளோடு சேர்த்தே இன்னொரு கேபிளை இழுத்து, முனைகளை மட்டும் மாட்டாமல் கட்டி வைத்திருந்தார்கள். அறுந்தால் சாலையோரத்தில் டாங்கைக் கழற்ற வேண்டாம்.

காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதில் புல்லட்டுக்குக் கவலை இல்லை. இறங்கும்போது டிரம் பிரேக்கையே நம்பினால் சூடேறிப் பிடிப்பு குறையும் என்பதால், இரண்டாவது கியரிலேயே எஞ்சின் இழுப்பில் இறங்கச் சொன்னார் பெரியவர். "தெரியும்பா" என்றார் மகள். ஆவடி தாண்டி 50 கிலோமீட்டர் ஒரு சோதனை ஓட்டம் போய்வந்து, சூடு ஆறியதும் இருவரும் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தார்கள். ஹெட்டும் எஞ்சின் மவுண்டும் அப்படியே இருந்தன. சைலன்சர் கிளாம்பு மட்டும் அரைச் சுற்று இறங்கியிருந்தது. மகள் அதைக் கழற்றி, ஸ்பிரிங் வாஷர் போட்டு மாட்டினார்.