நஷ்டத்தையும் எழுதும் பயோடேட்டா

மும்பையில் பி.காம்., பி.எஃப்.எம். முடித்துவிட்டு என்னிடம் திருத்தக் கொண்டுவரும் பிள்ளைகளின் பயோடேட்டாவில் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: பங்குச் சந்தையில் தீராத ஆர்வம். டிரெயினி டிரேடர் வேலைக்கு ஆள் எடுப்பவர் அந்த வரியில் கண்ணை நிறுத்துவதில்லை. ஆர்வத்துக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் நாடு முழுவதும் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு. பணம் போகும்போது இந்தப் பிள்ளை என்ன செய்யும்?

*

டிரேடிங் வேலை என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பல வேலைகள். டீலர், வாடிக்கையாளர் போனில் சொல்லும் ஆர்டரை டெர்மினலில் போடுபவர். பேச்சு முழுவதும் பதிவாகும்; ஒரு சைபர் கூடிவிட்டால் பெரிய வம்பு. ஜாபர், நிறுவனத்தின் பணத்தில் நாள் முழுக்க வாங்கி விற்று லாபத்தில் பங்கு பெறுபவர். நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் வாங்கி விற்கும் ப்ராப் டெஸ்க்கில் ஆர்பிட்ரேஜ், ஆப்ஷன். இப்போது பைத்தானும் புள்ளியியலும் கேட்கிறார்கள். ஒரே தாளை மூன்று பேருக்கும் அனுப்பினால் மூன்று பேருமே ஒதுக்கிவைப்பார்கள். டீலர் வேலைக்கு, கால் சென்டரில் ஆறு மாதம் வேலை பார்த்ததுகூட மேலே வர வேண்டிய வரி. ப்ராப் டெஸ்க்குக்கு அது கீழே போகலாம்.

*

சந்தை வேலைகளுக்கான தேர்வுகளை நடத்துவது செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நிறுவனம். அவர்களுடைய எட்டாம் வரிசைத் தேர்வு (ஈக்விட்டி டெரிவேட்டிவ்ஸ்) முடித்திருந்தால், பட்டத்துக்கும் மேலே அதை எழுதச் சொல்வேன். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தேற 60. சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். ஆகவே தேறிய மாதத்தையும் வருடத்தையும் போட வேண்டும்.

அந்தத் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். நேர்காணலுக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது இது: நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் லாபமா நஷ்டமா? "நஷ்டம்தானே அண்ணா" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். 16 கேள்வியைக் குருட்டாம்போக்கில் தொட்டால் சராசரியாக 4 சரி, 12 தவறு. நான்கு வரும், மூன்று போகும். ஒன்று மிச்சம். ஆனால் அது சராசரிதான். 1 மட்டும் சரியாகி 15 தவறினால் 2.75 கழியும். ஏற்கெனவே 61 உறுதியாக வைத்திருப்பவர் எதற்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டும்? 58-இல் நிற்பவருக்கு வேறு வழி இருக்கிறதா? தாளில் அந்தச் சான்றிதழைப் போடுகிறவர் இந்தக் கணக்கைப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

*

"70 சதவீதம் வெற்றி" என்று எழுதிவந்தாள் ஒரு தங்கை. பத்தில் ஏழு முறை லாபம், உண்மைதான். லாபம் வந்தால் சராசரி 400 ரூபாய். நஷ்டம் வந்தால் 1,200. ஏழு நானூறு 2,800. மூன்று முறை ஆயிரத்து இருநூறு என்றால் 3,600. பத்து முடிவதற்குள் கையிலிருந்து 800 போய்விட்டது. தரகும் வரியும் இன்னும் கழிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினோம்: இத்தனை மாதம், இவ்வளவு முதல், செலவு கழித்து நிகர நஷ்டம் இவ்வளவு, காரணம் ஸ்டாப் லாஸைத் தள்ளித் தள்ளி வைத்தது, பிறகு மாற்றிக்கொண்டது இது. பேப்பர் டிரேடிங் என்றால் பேப்பர் டிரேடிங் என்றே போட வேண்டும். நஷ்டத்தைக் கணக்கோடு எழுதும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எனக்குத் தெரிந்த எந்த டெஸ்க் தலைவரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

*

வாஷி ஏ.பி.எம்.சி. மார்க்கெட்டில், மசாலா மண்டியில் கணக்கு எழுதும் தம்பி ஒருவன் அதைப் பயோடேட்டாவில் சேர்க்கவே இல்லை. கேட்டால், "அது மண்டி வேலைதானே" என்றான். வெங்காயம்-உருளை, காய்கறி, பழம், தானியம், மசாலா என்று மும்பைக்குச் சோறு போடும் இடம் அது. வரத்து குறைந்தால் விலை எத்தனை மணிக்குள் ஏறும், எந்த ஊர் மஞ்சளுக்கு என்ன தரம், ஈரம் பார்த்து எவ்வளவு கழிப்பார்கள், கடன் எத்தனை நாளில் திரும்பும், எல்லாம் அவனுக்குத் தெரியும். அதே மஞ்சளுக்குத்தான் என்.சி.டி.இ.எக்ஸ். விளைபொருள் சந்தையில் ஃபியூச்சர்ஸ் நடக்கிறது. கமாடிட்டி டெஸ்க்கில் எம்.பி.ஏ. படித்தவர் பலரிடம் இல்லாத அறிவு இது. "மண்டியில் மூன்று வருடம், தினசரி வரத்து-விலைப் பதிவு" என்பதை மேலே ஏற்றி எழுதினோம்.

*

முகவரியில் தாராவி என்று போடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சயான் என்று மாற்றி எழுதுகிறார்கள். எனக்கு மனசு வலிக்கிறது. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கற்று மாட்டுங்காவில் வந்து தங்கிய தமிழ்த் தலைமுறை, பெயரே தடையாகும் காலத்தையும் பார்த்தது. 1960-களில் 'மார்மிக்' மராத்தி வார இதழ், இங்கே அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. அந்தப் பக்கம் பாந்திரா-குர்லா வளாகம், அதில் தேசியப் பங்குச் சந்தை, செபி பவன். சந்தை 9.15-க்குத் திறக்கும், டெஸ்க்கில் அதற்கு வெகு முன்பே ஆள் இருக்க வேண்டும். ரயில் நின்றுபோகும் மழை நாளிலும் நடந்தே வந்து சேரக்கூடியவர் தாராவிக்காரர். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

*

தெரிந்த மொழிகள்: தமிழ், இந்தி, மராத்தி எழுதுகிறார்கள். மாட்டுங்காப் பிள்ளைகள் குஜராத்தியை விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பேச்சிலேயே வளர்ந்தவர்கள். தரகு நிறுவனங்களில் அது தினசரி மொழி. பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்று சேர்த்தால் போதும்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை வேண்டாம். ஒரே பக்கம்.

*

"டிரெயினி டிரேடர் தேவை, டெபாசிட் கட்டினால் டெர்மினல்" என்ற விளம்பரங்களைப் பற்றி. வேலைக்குச் சேர்பவரிடம் மூலதனம் கேட்பது வேலை இல்லை; நஷ்டம் முதலில் அந்தப் பிள்ளை கட்டிய பணத்திலிருந்துதான் போகும். ஆர்டர் உண்மையில் சந்தைக்குப் போகிறதா, டப்பா டிரேடிங்கா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தரகு நிறுவனத்துக்கு செபி பதிவு எண் இருக்கும், ஐ.என்.இஸட். என்று தொடங்கும், செபி தளத்தில் தேடினால் கிடைக்கும். அதைப் பார்த்த பிறகுதான் தாளை அனுப்ப வேண்டும். எந்த நிறுவனமானாலும் அந்தத் தாளில் பான் எண்ணும் ஆதார் எண்ணும் இருக்கக் கூடாது. போன வாரம் பார்த்த பயோடேட்டாக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இரண்டும் இருந்தன.