3 புலி, 15 ஆடு!

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது கன்னிவாடி. ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட ஊர். இன்று படை இல்லை. ஆனாலும் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டால் போர் தொடங்கிவிடுகிறது. ஆடு புலி ஆட்டம்!

23 புள்ளிகள். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாவி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது, வளைத்து மறிக்கலாம்.

"நான்தான் புலி" என்றான் என் மகன். சீக்கிரமே இரண்டு ஆடுகளை வெட்டித் துள்ளினான். பெரியவர் அசரவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஆடுகளை அணைத்து வைத்தார். கடைசியில் மூன்று புலிக்கும் வழியில்லை!

"பலம் புலிக்கு, ஒத்துமை ஆட்டுக்கு. இப்பல்லாம் எதிர்ல உக்காரத்தான் ஆள் இல்ல" என்றார்.

மகன் செல்போனை என்னிடம் நீட்டினான்.

"தாத்தா, இப்ப நான் ஆடு!"