ஆறு யாருடையது?

கவிஞர் ஒருவர் முதன்முறையாக நாவல் எழுதினால் அதில் சொல்லழகையே முதலில் தேடுகிறோம். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்த கவிஞர் மைக்கேல் க்ரம்மி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரிவர் தீவ்ஸ்’ என்னும் முதல் நாவலை நானும் அவ்வாறே கையிலெடுத்தேன். ‘ஆற்றுத் திருடர்கள்’ என அத்தலைப்பைத் தமிழில் கூறலாம். படித்து முடித்தபோது, யார் அந்தத் திருடர்கள் என்ற வினாவே என்னுள் எஞ்சியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கமே கதையின் காலம். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கோடையில் சால்மன் மீன் பிடித்தனர். குளிர்காலத்தில் பொறிவைத்து விலங்குகளைப் பிடித்து, அவற்றின் மென்மயிர்த் தோலை விற்றனர். ஆறுகள் உறையும், பனி வழிகளை மூடும். உழைப்பில் சற்றே தளர்ந்தாலும் உயிர்வாழ இயலாத நிலம் அது.

அந்நிலத்தின் தொல்குடியினர் பியோத்துக் மக்கள். உடலிலும் உடைமைகளிலும் செங்காவி பூசும் வழக்கம் உடையவர்கள். கடற்கரையும் ஆற்றுமுகங்களும் குடியேறியவர் வசமாகவே, மீனும் கடல்நாயும் அவர்களுக்கு எட்டாப் பொருள்களாயின. தீவின் உட்பகுதிக்கு ஒதுங்கிய அவர்கள், குடியேறியவர்களின் ஆணிகளையும் இரும்புப் பொறிகளையும் எடுத்துச்சென்று அம்புமுனைகளாக அடித்துக்கொண்டனர். ஆணியை எடுத்தது திருட்டென்றால், ஆற்றை எடுத்துக்கொண்டதற்கு என்ன பெயர்?

1818-இல் பெய்டன் குடும்பத்தினரின் படகு சரக்குடன் களவுபோயிற்று. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், ஆயுதம் தாங்கிய குழு ஒன்று உறைந்த ஏரிக்கரையில் இருந்த பியோத்துக் குடியிருப்பை அடைந்தது. டெமாஸ்டுவிட் என்னும் பெண் சிறைபிடிக்கப்பட்டாள். அவளை மீட்க முயன்ற கணவன் நோனோஸ்பாசட் கொல்லப்பட்டான். அவர்களது கைக்குழந்தை சில நாள்களில் இறந்தது. பிடிபட்ட மாதத்தைக்கொண்டே அவளுக்கு ‘மேரி மார்ச்’ என்று பெயரிட்டனர். தன் மக்களிடம் திரும்பச் சேர்க்கப்படும் முன்பே, 1820 ஜனவரியில், காசநோயால் அவள் மாண்டாள்.

இந்த உண்மை நிகழ்வுகளின்மீதே க்ரம்மி தம் நாவலைக் கட்டுகிறார். குடியேறியவர்களை அவர் அரக்கர்களாகத் தீட்டவில்லை. அன்பும் அச்சமும் கடும் உழைப்பும் உள்ள மனிதர்களாகவே அவர்கள் நடமாடுகின்றனர். கொடுமையைச் செய்தவரும் நம்மைப் போன்ற மனிதரே என்று உணரும்போது நெஞ்சு நடுங்குகிறது. பியோத்துக் மக்களின் மனத்துக்குள் புகுந்து அவர்களுக்காகப் பேசுவதையோ ஆசிரியர் பெரிதும் தவிர்க்கிறார். கதையின் நடுவே அவர்களது மௌனம் அப்படியே நிற்கிறது. சொல்லை ஆளத் தெரிந்த கவிஞர், சொல்லக்கூடாத இடத்தையும் அறிந்திருக்கிறார்.

அம்மௌனத்திற்கு வரலாற்றில் காரணம் உண்டு. டெமாஸ்டுவிட்டின் உறவினளான ஷனாடிதிட், அறியப்பட்ட கடைசிப் பியோத்துக் பெண்ணாகக் கருதப்படுகிறாள். தன் மக்களின் வாழ்வையும் அந்த ஏரிக்கரை நிகழ்வையும் படங்களாக வரைந்து தந்துவிட்டு, 1829-இல் அவளும் காசநோய்க்கு இரையானாள். அம்மொழியில் இன்று எஞ்சியிருப்பவை, பிறர் கேட்டெழுதிய சில நூறு சொற்களே.

பல நூற்றாண்டு இலக்கியத்தைத் தடையின்றிப் படிக்க வாய்த்த மொழியில் பிறந்த எனக்கு, அச்சிறு சொற்பட்டியல் பெருந்துயரம் தருகிறது. அச்சொற்களைக்கொண்டு ஒரு தாலாட்டைக்கூட நம்மால் மீட்டெடுக்க இயலாது. நாவலாசிரியரின் கற்பனையும் அந்த எல்லையில் நின்று தலைதாழ்த்துகிறது.