அடுத்த வீட்டுச் சுவர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தை நாம் முன்னமே பண்ணிப் பார்த்துவிட்டபடியால், பாக்கியிருந்த பரீட்சையையும் எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம். அந்தப் பரீட்சையில் நாம் எவ்விதம் தோற்றோம், பிறகு யாருடைய தயவினால் ஒருவாறு தேறினோம் என்பதை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வீடு கட்டும் உத்தேசம் உள்ளவர்களுக்கு ஒருவேளை உபயோகப்படலாம்.

நம்முடைய மனை இராயபுரத்தில் இருக்கிறது. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்து அதிக தூரமில்லை. அகலம் 20 அடி. நீளம் 50 அடி. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்ற கணக்கில் பார்த்தால், அரைக் கிரவுண்டுகூடத் தேறாது. இந்தப் பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் ரயில் பிரயாணிகளைப் போல் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு மனையின் முன்பாதியில் நின்றது. பின்பாதி வெறும் புழக்கடை. அந்தப் புழக்கடையைப் பார்த்தபடி அடுத்த வீட்டுச் சுவரில் ஒரு சிறு ஜன்னல் இருந்தது. நாம் பிறந்த நாளிலிருந்து அது அங்கே இருக்கிறது. அந்த வீட்டு ஆயாவும் அப்படியே.

இனி சட்டத்தின் சமாசாரத்துக்கு வருவோம். நகரத்தில் ஒருவன் இஷ்டப்படி சுவர் எழுப்பக் கூடாது என்பது புதிய எண்ணமல்ல. சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. தெருவின் அகலம் எவ்வளவு, முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கவாட்டில் எவ்வளவு, உயரம் எவ்வளவு, மழைநீர் எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவற்றில் விதி உண்டு. பழைய நெருக்கமான பேட்டைகளுக்காகத் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு பிரிவும் உண்டு. அங்கே பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். நம் மனை அந்தப் பிரிவில் அடங்கியது கண்டு நாம் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. 20 அடி அகலத்தில் ஒவ்வோர் அங்குலமும் தங்கம் அல்லவா?

இந்த ஆனந்தத்தை இரட்டிப்பாக்கும்படி 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தமிழ்நாடு அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடி வரையில் வீடு கட்டுகிறவர்கள், 'விதிகளின்படியே கட்டுகிறோம்' என்று தாங்களே உறுதி கூறி, இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம். உத்தியோகஸ்தர் வந்து மனையைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். "இதுவல்லவோ சுயராஜ்யம்!" என்று சொல்லி, அனுமதிக் காகிதத்தை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டாத குறையாகப் பத்திரப்படுத்தினோம்.

அஸ்திவாரத்துக்குப் பறிக்கும் பள்ளத்தைக் கொத்தனார்கள் 'வானம்' என்கிறார்கள். பூமியைத் தோண்டுவதற்கு வானம் என்று பெயர் வைத்த நம் முன்னோரின் நகைச்சுவையை வியந்துகொண்டே நல்ல நாள் பார்த்து வேலையைத் தொடங்கினோம். மேஸ்திரி அடுத்த வீட்டுச் சுவரை ஒரு முறை தட்டிப் பார்த்தார். "பழைய சுண்ணாம்புச் சுவருங்க. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா, ஆளை வெச்சு எடுக்கலாம்" என்றார். நாமோ மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசிப் பொக்லைன் இயந்திரத்தை வரவழைத்திருந்தோம். ஒரே நாளில் வேலையை முடித்தால் எத்தனை மிச்சம் என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரேயடியாக எடுத்துவிடுங்கள்" என்றோம். மாலைக்குள் அடுத்த வீட்டுச் சுவர் ஓரமாக 5 அடி ஆழத்துக்கு நீண்ட பள்ளம் தயாராகிவிட்டது.

மறுநாள் காலையில் ஆயா வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, எங்க ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரு."

பழைய கதவு, மழை ஈரத்தில் ஊதியிருக்கும் என்று சொல்ல நினைத்தோம். ஆனால் மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. உள்ளே சென்று பார்த்தோம். கதவு நிலையின் மூலையிலிருந்து ஒரு விரிசல் குறுக்காக ஏறிக் கூரையைத் தொட்டிருந்தது. ஜன்னலின் மூலையில் இன்னொன்று.

அப்போது நாம் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி அனுமதிக் காகிதத்தைக் கொண்டுவந்தோம். விதிப்படிதான் எல்லாம் நடக்கிறது என்றும், நம் எல்லைக் கல்லுக்குள்தான் தோண்டினோம் என்றும், அவளுடைய வீடுதான் பழையது என்றும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம். ஆயா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி தம்பி. இந்தக் காயிதத்தையா சுவத்துக்கு முட்டுக் கொடுக்கப் போறே?" என்றாள்.

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. திடீரென்று திருவொற்றியூர் நினைவுக்கு வந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி அங்கே அரிவாக்குளத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுதான். முன்னமே சுவரில் விரிசலைக் கண்ட ஜனங்கள் அதை அலட்சியம் செய்யாமல் வெளியேறிவிட்டார்கள். விரிசல் என்பது சுவர் வாய் திறந்து பேசுவது. அதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். நாமோ ஒரு சுவர் பேசும்போது எதிரே காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

அன்று மத்தியானமே ஆயாவை அவளுடைய மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்து, எஞ்சினீயரை அழைத்து வந்தோம். அவர் சொன்ன விவரம் மிகவும் எளியது. இது கடற்கரை மணல். மணற்குவியலின் ஓரத்தை வெட்டினால் செங்குத்தாக நிற்காது, சரிந்தே தீரும். ஆயா வீட்டுக் கடைக்கால் மூன்றடி ஆழந்தான். அதற்கும் கீழே இரண்டடி நாம் தோண்டிவிட்டபடியால், அந்தக் கடைக்காலின் அடியிலிருந்த மணல் இரவு முழுவதும் நம் பள்ளத்துக்குள் வழிந்திருக்கிறது. சுவர் ஒரு மயிரிழை இறங்கியதும் கதவு சாத்தவில்லை. பள்ளத்தில் நீர் ஊறி, அதை இறைக்கவும் இறைத்திருந்தால் மணல் இன்னும் வேகமாகக் கிளம்பியிருக்குமாம்.

பரிகாரமும் எளியதுதான், செலவுதான் எளிதல்ல. பள்ளத்தை மணல் மூட்டைகளால் நிரப்பினோம். சுவருக்குச் சவுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்தோம். பிறகு நான்கடி நீளத்துக்கு ஒரு குழி தோண்டி, அதில் கான்கிரீட்டு போட்டு இறுகவிட்டு, இடையில் ஒரு பாகத்தைத் தொடாமல் தாண்டிப் போய் அடுத்த குழியைத் தோண்டினோம். விட்ட பாகங்களைக் கடைசியில் எடுத்தோம். அதாவது, மேஸ்திரி முதல் நாள் சொன்ன அதே யோசனை! ஒரு நாளில் மிச்சம் பிடிக்கப் பார்த்த நமக்கு மூன்று வாரம் போயிற்று. ஆயா வீட்டு விரிசலைக் கொத்திப் பூசிக் கொடுத்ததும் நம் கணக்கில்தான்.

இவ்வளவுக்குப் பிறகு ஒரு வக்கீல் நண்பரிடம் சங்கதியைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஈஸ்மெண்ட் என்று கோர்ட்டுகளில் சொல்லுவது இதைத்தான். ஒரு கட்டிடம் 20 ஆண்டு காலம் தடையில்லாமல் அடுத்த மனையின் வழியாக வெளிச்சமும் காற்றும் பெற்று வந்திருந்தால், அவற்றைப் பெறும் உரிமை அதற்கு உறுதியாகிவிடுகிறது. அதுபோலவே, ஒருவர் நிலத்தின் ஆதாரத்தில் அடுத்தவர் கட்டிடம் 20 ஆண்டு காலம் நின்றிருந்தால், அந்த ஆதாரத்தைப் பெறும் உரிமையும் உறுதியாகிவிடுகிறது. நம் மனையிலிருந்த மணல் நமக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணியிருந்தோம். அது ஆயா வீட்டுச் சுவரைத் தாங்கக் கடமைப்பட்ட மணல்! 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெற்ற அனுமதி நமக்கும் சர்க்காருக்கும் இடையே உள்ள சங்கதியைத்தான் தீர்த்தது. நமக்கும் ஆயாவுக்கும் இடையே உள்ளதை அது தொடவேயில்லை.

வக்கீல் நண்பர் சொன்ன இன்னொரு விவரமும் நம் மனத்தில் தைத்தது. இங்கிலாந்தில் 1996-ல் பொதுச்சுவருக்கென்றே ஒரு சட்டம் செய்திருக்கிறார்களாம். அண்டை வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால், ஒரு மாதம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்நாட்டாரிடமிருந்து நாம் எத்தனையோ சட்டங்களைச் சுவீகரித்துக்கொண்டோம். இதற்கு இணையான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. போகட்டும். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "ஆயா, நாளைக்கு வானம் தோண்டப் போகிறோம்" என்று சொல்வதற்குச் சட்டமா வேண்டும்? சொல்லியிருந்தால், "எங்க கடைக்கால் மூணடிதான் தம்பி, எங்க வீட்டுக்காரர் கட்டினப்போ நான்தான் கூட நின்னேன்" என்று அவளே சொல்லியிருப்பாள். பிற்பாடு அப்படித்தான் சொன்னாள்.

ஜன்னல் விஷயம் பாக்கியிருந்தது. வரைபடத்தின்படி நம் சமையலறைச் சுவர் அதை முழுவதும் மூடிவிடும். விதி நம்மை இடம் விடச் சொல்லவில்லை. இருந்தபோதிலும் வரைபடத்தைத் திருத்தி, அந்த ஜன்னலுக்கு எதிரே மூன்றடி அகலத்துக்கு வானத்தைப் பார்த்த ஒரு சிறு முற்றம் விட்டோம். சமையலறை சுருங்கிவிட்டது. இதைப் பற்றி நம் வீட்டில் நடந்த விவாதத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஆனால் பிற்பகலில் கடற்காற்று கிளம்பும் நேரத்தில் அந்த முற்றத்தின் வழியாக நம் அடுப்பங்கரைக்கும் காற்று வருகிறது என்பதை எதிர்க்கட்சியாரும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள்.

சுயசான்று என்பது நல்ல திட்டந்தான். அது குடிமகனை நம்புகிறது. ஆனால் சுயராஜ்யம் என்றால் நம்மை ஆள வேறொருவர் இல்லை என்பது மட்டுமல்ல. நம்மை நாமே ஆண்டுகொள்ள வேண்டும் என்பதும் அதில் அடக்கம். உத்தியோகஸ்தர் வந்து பார்க்காத இடத்தில் நாமே போய்ப் பார்க்க வேண்டும். மண்வெட்டி விழுவதற்கு முன்னால் அண்டை வீட்டாரையும் எஞ்சினீயரையும் கூட்டிவைத்து, இரு பக்கத்துச் சுவர்களையும் நடந்து பார்த்து, இருக்கிற விரிசல்களைப் படம் பிடித்து, கடைக்காலின் ஆழத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான்.

கிரகப்பிரவேசத்தன்று ஆயா வந்திருந்தாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நம் வாசற்கதவை மெள்ளச் சாத்தித் திறந்து பார்த்தாள்.

"சரியா சாத்துது தம்பி" என்றாள். நாமும் தேறிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டோம்.